'சாங்க்துஸ்': ஓர் இலத்தீன் பெயரடையின் தோற்றமும் வடிவங்களும்

ஞாயிறுதோறும் சபையாருடன் எழுந்து நின்று நாம் அறிக்கையிடும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதியில், பரிசுத்தத்தைக் குறிக்கும் சொல் மூன்று முறை வருகிறது. பரிசுத்த ஆவி, பரிசுத்த சபை, பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்பனவற்றை அடுத்தடுத்து அறிக்கையிடுகிறோம். இப்பிரமாணம் இன்றைய வடிவத்தை அடைந்த மொழி இலத்தீன். அம்மொழியில் இம்மூன்று இடங்களிலும் நிற்பது 'சாங்க்துஸ்' என்னும் ஒரே பெயரடையாகும். ஆயினும் அது 'ஸ்பிரித்தும் சாங்க்தும்', 'சாங்க்தாம் எக்ளேசியாம்', 'சாங்க்தோரும் கொம்மூனியோனெம்' என மூன்று வடிவங்களில் நிற்கிறது. முதல் இரண்டு வடிவங்களின் பொருளில் ஐயமில்லை. மூன்றாவதான 'சாங்க்தோரும்' என்பதோ நெடுங்காலமாக உரையாசிரியர்களை இரு வேறு திசைகளில் இழுத்து வந்துள்ளது. இச்சொல் எங்ஙனம் தோன்றியது, எவ்வடிவங்களைப் பெற்றது, திருச்சபையின் வரலாற்றில் அதன் பொருள் எவ்வாறு மாறிற்று, அதனைத் தமிழில் வழங்கும் நாம் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. வேரும் தோற்றமும்

'சாங்க்துஸ்' தொடக்கத்தில் தனிப் பெயரடையாக இருக்கவில்லை. 'சாங்கீரே' என்னும் வினைச்சொல்லின் செயப்பாட்டு இறந்தகால எச்சமே அது. 'சாங்கீரே' என்பதற்கு, சடங்கினாலோ சட்டத்தினாலோ ஒன்றை மீறலாகாதபடி உறுதிப்படுத்துதல் என்று பொருள். உடன்படிக்கையை உறுதி செய்வதற்கும், சட்டத்தை நிறைவேற்றி அதை மீறுவோர்க்குத் தண்டனை விதிப்பதற்கும் உரோமர் இச்சொல்லை வழங்கினர். ஆகவே 'சாங்க்துஸ்' என்பதன் முதற்பொருள் 'உறுதியாக்கப்பட்டது', 'மீறலாகாதென வரையறுக்கப்பட்டது' என்பதாம். எச்சமாக இருந்த சொல் காலப்போக்கில் முழுப் பெயரடையாகிவிட்டது. அதனால் வினைக்கு வேறோர் எச்சம் தேவைப்பட்டு, 'சாங்கீத்துஸ்' என்னும் வடிவமும் வழக்கிற்கு வந்தது.

இச்சொல்லுக்கு நெருங்கிய உறவுடையது 'சாக்கெர்' என்னும் மற்றொரு பெயரடை. இரண்டும் ஒரே வேரினின்று பிறந்தவை. எனினும் பொருளில் வேறுபாடு உண்டு. தெய்வத்திற்கு உரியதாக ஒப்படைக்கப்பட்டது எதுவோ அது 'சாக்கெர்'. கோயிலும் பலிப்பொருளும் அவ்வகையின. பழைய உரோமச் சட்டத்தின்படி சில குற்றங்களைச் செய்தவனும் 'சாக்கெர்' என்று அறிவிக்கப்பட்டான். அவன் தெய்வத்தின் கோபத்திற்கு விடப்பட்டவன். அவனைக் கொன்றவன்மேல் கொலைப்பழி சாராது. ஆகவே 'சாக்கெர்' என்னும் சொல்லில் தூய்மையும் சாபமும் ஒருங்கே உறைந்தன. 'சாங்க்துஸ்' என்பதோ காவலைச் சுட்டும் சொல்.

இரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் காயுஸ் தெய்வச் சட்டத்திற்கு உட்பட்ட பொருள்களை வகைப்படுத்துங்கால், நகரத்தின் மதில்களையும் வாயில்களையும் 'சாங்க்தா' என்னும் வகையில் சேர்த்தார். மதில் வழிபடப்படுவதில்லை, அங்குப் பலி செலுத்தப்படுவதுமில்லை. ஆயினும் அதனைத் தாண்டுவது மரண தண்டனைக்குரிய குற்றம். பேரரசன் யுஸ்தீனியான் 533ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, ரோமுலுஸின் சகோதரன் ரேமுஸ் மதிலைத் தாண்டியதற்காகவே கொல்லப்பட்டான் என்னும் மரபை இதனோடு இணைத்துக் கூறுகிறது. மனிதரின் தீங்கிற்கு எதிராகக் காக்கப்படுவதே 'சாங்க்தும்' என்று அத்தொகுப்பில் இடம்பெறும் மார்க்கியானுஸ் விளக்குகிறார். பிரெஞ்சு மொழியியல் அறிஞர் எமீல் பென்வெனிஸ்த் 1969இல் வெளியிட்ட ஆய்விலும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். 'சாக்கெர்' தன்னளவில் உள்ள ஒரு நிலை. 'சாங்க்துஸ்' மற்றொருவரின் செயலால் விளைந்த நிலை.

வேர்ச்சொல் ஆராய்ச்சியில் தவறுவது எளிது என்பதற்கும் இச்சொல்லின் வரலாறே சான்று தருகிறது. இரத்தசாட்சியான யுஸ்தீன், ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் எழுதிய தம் முதலாம் மறுப்புரையில், மாயவித்தைக்காரனாகிய சீமோனுக்கு உரோமர் திபேர் ஆற்றின் இரு பாலங்களுக்கிடையே சிலை வைத்து, அவனைப் பரிசுத்த தெய்வம் எனக் கல்வெட்டில் பொறித்தனர் என்று குற்றஞ்சாட்டினார். 1574ஆம் ஆண்டில் அவ்வாற்றுத் தீவிலே ஒரு கல் கிடைத்தது. அதில் இருந்த பெயர் 'சேமோ சாங்குஸ்' என்னும் பழைய உரோமத் தெய்வத்தின் பெயர். ஆணைகளுக்குக் காவலாகக் கருதப்பட்ட அத்தெய்வத்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. 'சேமோ' என்பதைச் 'சீமோன்' என்றும், 'சாங்கோ' என்பதைச் 'சாங்க்தோ' என்றும் யுஸ்தீன் படித்துவிட்டார் என அறிஞர் கருதுகின்றனர். 636இல் மரித்த செவீல் நகரத்து இசிதோர், பலியின் இரத்தத்தால் தொடப்பட்டவன் என்னும் பொருளில் 'சாங்க்விஸ்', அதாவது இரத்தம், என்னும் சொல்லிலிருந்தே 'சாங்க்துஸ்' பிறந்ததென எழுதினார். இது மொழியியலுக்கு ஒவ்வாதது. ஆயினும் தோமா அக்குவினாஸ் போன்ற பேரறிஞரும் இதனை எடுத்தாண்டார்.

2. வடிவங்கள்

இலத்தீன் பெயரடை, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றிற்கும் இசைந்து உருவம் மாறும். ஆண்பாலில் சாங்க்துஸ், பெண்பாலில் சாங்க்தா, இரண்டுமல்லாத நடுப்பாலில் சாங்க்தும் என்பன ஒருமை எழுவாய் வடிவங்கள். ஒப்புயர்வைக் காட்டச் 'சாங்க்தியோர்' என்றும், மிகையைக் காட்டச் 'சாங்க்திசிமுஸ்' என்றும் வரும். 'சாங்க்தித்தாஸ்' என்பது பண்புப்பெயர். 'சாங்க்திஃபிக்காரே', அதாவது பரிசுத்தமாக்குதல், என்னும் வினையோ கிறிஸ்தவர்களால் வழக்கிற்குக் கொண்டுவரப்பட்டது.

இங்கே இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியன. முதலாவது, ஆவியானவரைப் பற்றியது. எபிரெயத்தில் 'ரூஆக்' பெரும்பாலும் பெண்பால். கிரேக்கத்தில் 'நியூமா' நடுப்பால். இலத்தீனில் 'ஸ்பிரித்துஸ்' ஆண்பால். ஆகவே பெயரடையும் ஒவ்வொரு மொழியிலும் பெயருக்கேற்ற பாலைப் பெறுகிறது. சொல்லின் பாலைக்கொண்டு தேவனுக்குப் பால் கற்பிக்க முயல்வோர்க்கு இவ்வேறுபாடே போதிய எச்சரிக்கையாகும்.

இரண்டாவது, மிகையைப் பற்றியது. இலத்தீனுக்குச் 'சாங்க்திசிமுஸ்' என்னும் சொந்த வடிவம் இருந்தும், வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் பல இடங்களில் அதனைக் கையாளவில்லை. ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்களின் துதியில் எபிரெயம் ஒரே சொல்லை மும்முறை அடுக்குகிறது. இலத்தீனும் 'சாங்க்துஸ்' என்பதை அவ்வாறே மும்முறை அடுக்கியது. அதனாலன்றோ திருவிருந்து வழிபாட்டின் அப்பகுதிக்கே 'சாங்க்துஸ்' என்று பெயர் ஏற்பட்டது! ஆசரிப்புக் கூடாரத்தின் உள்ளறையைக் குறிக்க எபிரெய முறையைப் பின்பற்றிச் 'சாங்க்தா சாங்க்தோரும்' என்றனர். நமது மொழிபெயர்ப்பில் இது மகா பரிசுத்த ஸ்தலம். வேதத்தின் மொழிநடை இலத்தீனின் இயல்பையும் வளைத்தது என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

3. திருச்சபை தேர்ந்த சொல்

எபிரெயத்தின் 'கதோஷ்' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள், புறமதக் கோயில் வழக்கில் மலிந்திருந்த 'ஹியெரோஸ்' என்பதைத் தவிர்த்து, 'ஹாகியோஸ்' என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டனர். இலத்தீன் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழ அதே வழியில் சென்றனர். தேவனுடைய பரிசுத்தத்தையும் அவருடைய மக்களின் பரிசுத்தத்தையும் குறிக்க, 'சாக்கெர்' என்பதை விடுத்துச் 'சாங்க்துஸ்' என்பதையே கைக்கொண்டனர். ஆயினும் 'சாக்கெர்' முற்றும் மறையவில்லை. ஆசாரியனைக் குறிக்கும் 'சாக்கெர்தோஸ்', அருள்நாட்டைக் குறிக்கும் 'சாக்ராமெந்தும்', பலியைக் குறிக்கும் 'சாக்ரிஃபீக்கியும்' ஆகியவை அவ்வேரின் கிளைகள். இவ்வாறு பணியும் சடங்கும் பழைய சொல்லின் கிளைகளில் தங்க, மக்கள் அனைவரும் 'சாங்க்தி' என்னும் பன்மைப் பெயரைப் பெற்றனர்.

இப்பன்மை புதிய ஏற்பாட்டிலிருந்தே வந்தது. பவுல் அப்போஸ்தலன் விசுவாசிகளைப் பரிசுத்தர் என்று அழைக்குமிடங்களில் எப்பொழுதும் பன்மையையே வழங்குகிறார். பிலிப்பியர் 4:21இல் மட்டும் ஒருமை வருகிறது. அங்கும் ஒவ்வொருவரையும் வாழ்த்தவேண்டும் என்னும் கருத்தே உள்ளது. தனித்து நிற்கும் பரிசுத்தன் ஒருவன் பவுலின் நிருபங்களில் இல்லை.

4. பெயரடை பட்டமானது

நான்காம் நூற்றாண்டிலிருந்து இச்சொல்லின் வரலாறு திரும்புகிறது. இரத்தசாட்சிகளின் கல்லறைகளில் நினைவுநாள் கொண்டாடும் வழக்கம் பெருகவே, அவர்கள் பெயருக்கு முன் 'சாங்க்துஸ்' என்பது மதிப்புச் சொல்லாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் ஆயர்களும் துறவிகளும் அப்பட்டத்தைப் பெற்றனர். பெல்ஜிய அறிஞர் ஹிப்பொலித் தெலஹாய் 1927இல் 'சாங்க்துஸ்' என்னும் பெயரிலேயே வெளியிட்ட நூலில் இவ்வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். 993ஆம் ஆண்டில் பதினைந்தாம் யோவான் என்னும் போப்பு, அவுக்ஸ்பூர்க் ஆயர் உல்ரிக் என்பவரைப் புனிதராக அறிவித்தார். போப்பின் முறையான அறிவிப்பாக நமக்குத் தெரிந்தவற்றுள் இதுவே முதலாவது. சபையார் அனைவர்க்கும் உரிய பன்மையாயிருந்த சொல், ஒரு சிலர்க்கு மட்டும் உரிய ஒருமையாயிற்று.

இப்பட்டம் போர்த்துக்கேயர் வழியாக நம் நாட்டுக் கரையையும் அடைந்தது. இலத்தீனின் 'சாங்க்தும்' போர்த்துக்கேய மொழியில் 'சாந்தோ' எனத் திரிந்தது. சென்னையின் சாந்தோம் என்னும் பெயர் அதுவும் தோமா என்னும் பெயரும் சேர்ந்ததாகும். பழைய கத்தோலிக்கத் தமிழ்ச் செபங்களில் பரிசுத்த ஆவியைக் குறித்த 'இஸ்பிரீத்து சாந்து' என்பதும் இதே சொல்தான். சாந்தோமுக்குப் பேருந்துச் சீட்டு வாங்குவோர் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் இப்பெயரடையை உச்சரிக்கின்றனர்.

5. 'சாங்க்தோரும்': எத்திணை?

இனி விசுவாசப் பிரமாணத்திற்குத் திரும்புவோம். 'சாங்க்தோரும்' என்பது பன்மையில் ஆறாம் வேற்றுமை வடிவம். பெண்பாலாயின் 'சாங்க்தாரும்' என வரும். ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்குமோ 'சாங்க்தோரும்' என்னும் ஒரே வடிவமே உண்டு. ஆகவே 'சாங்க்தோரும் கொம்மூனியோ' என்பதற்குப் 'பரிசுத்தரின் ஐக்கியம்' என்றும் பொருள் கொள்ளலாம். 'பரிசுத்தமானவற்றில் பங்கு' என்றும் பொருள் கொள்ளலாம். பின்னதை ஏற்பின், அப்பமும் திராட்சரசமும், பொதுவாக அருள்நாட்டு வரங்களும் குறிக்கப்படுகின்றன. கிரேக்கத்திலோ மூன்று பால்களுக்குமே இவ்வடிவம் ஒன்றுதான். எனவே அங்கும் விடை கிடையாது.

உரோமச் சபையின் பழைய அறிக்கையில் இத்தொடர் இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, இன்றைய செர்பியாவில் அடங்கிய ரெமெசியானா என்னும் ஊரின் ஆயராயிருந்த நிக்கேத்தா எழுதிய விளக்கவுரையில் இதனைக் காண்கிறோம். முற்பிதாக்கள், தீர்க்கதரிசிகள், அப்போஸ்தலர், இரத்தசாட்சிகள், இனி வரப்போகும் நீதிமான்கள் ஆகிய யாவரும் ஒரே சபை என்று அவர் இதனை ஆட்களைக் குறித்தே விளக்கினார். ஆதித் திருச்சபையின் அறிக்கைகளை ஆராய்ந்த ஜே. என். டி. கெல்லி 1950இல் வெளியிட்ட நூலில், ஐந்தாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை இப்பொருளே மேலோங்கியிருந்தது என்று முடிவு கட்டினார்.

ஆயினும் மற்றப் பொருளும் மறையவில்லை. இடைக்காலத்து நார்மன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று பரிசுத்தப் பொருள்களின் ஐக்கியம் என்றே வெளிப்படையாக மொழிபெயர்த்தது. தோமா அக்குவினாஸ் இத்தொடரை விளக்குகையில், கிறிஸ்துவின் நன்மை அருள்நாடுகளின் மூலம் அவயவங்கள் அனைத்திற்கும் பகிரப்படுவதைப் பேசினார். கீழைத் திருச்சபையின் வழிபாட்டில் திருவிருந்துக்குச் சற்று முன் குருவானவர், பரிசுத்தமானவை பரிசுத்தருக்கு உரியவை என்று அறிவிக்கும் வழக்கம் நான்காம் நூற்றாண்டிலேயே எருசலேமில் இருந்தது. அவ்வறிவிப்பில் பெயரடை இரு முறை வருகிறது: முதலில் நடுப்பாலில் பொருள்களைக் குறித்தும், பிறகு ஆட்களைக் குறித்தும். ஆலயத்தில் கூடிய மக்கள் மறுமொழியாகக் கிறிஸ்து ஒருவரே பரிசுத்தர் என்று முழங்கினர். ஆட்களா, பொருள்களா என்னும் வினாவிற்கு இம்மறுமொழியே வழிகாட்டுகிறது. இரண்டின் பரிசுத்தமும் அவரிடமிருந்தே வருகிறது.

6. சீர்திருத்தக்காரர்

லூத்தர் 1529ஆம் ஆண்டின் பெரிய ஞானோபதேசத்தில் இத்தொடரைப் பற்றிக் குறிப்பிடத்தக்க கருத்தொன்றை வெளியிட்டார். இது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட விளக்கமே என்றும், 'ஐக்கியம்' என்னும் பொருள்படும் ஜெர்மானியச் சொல் ஈண்டுப் பொருந்தாது, 'சபை' என்னும் பொருள்படும் சொல்லே தகும் என்றும் அவர் கூறினார். அவர் கருத்தின்படி பரிசுத்த சபை என்பதும் இத்தொடரும் ஒன்றே. 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பூர்க் அறிக்கை, 7ஆம் பிரிவில், சபையைப் பரிசுத்தரின் கூட்டம் என வரையறுத்தது. அதே வாக்கியத்தில் சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்படுவதையும் அருள்நாடுகள் சரியாக வழங்கப்படுவதையும் சேர்த்துக்கொண்டது. 1563ஆம் ஆண்டின் ஹைடெல்பர்க் ஞானோபதேசம், 55ஆம் வினாவிற்கு விடையளிக்கையில், விசுவாசிகள் கிறிஸ்துவின் பொக்கிஷங்களிலும் வரங்களிலும் பங்குடையவர்கள் என்றும், ஆகவே தம் வரங்களைப் பிறர் நன்மைக்காகப் பயன்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்றும் போதித்தது. ஆட்களை முதன்மையாகக் கொண்ட போதும், பகிரப்படும் பொருள்களைச் சீர்திருத்தக்காரர் விட்டுவிடவில்லை. நமது காலத்திற்கு அண்மையில் காரல் பார்த்தும் இவ்விரு பொருளையும் ஒருங்கே ஏற்றார்.

7. தமிழில் இச்சொல்

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இலத்தீனின் இருபொருள் வசதி இல்லை. தமிழ்ப் பெயர் உயர்திணையாதல் வேண்டும், அன்றேல் அஃறிணையாதல் வேண்டும். 'பரிசுத்தவான்களுடைய' என்றவுடன் திணை முடிவாகிவிடுகிறது. இலத்தீன் திறந்து வைத்திருந்த கதவைத் தமிழ் இலக்கணம் மூடிவிட்டது எனலாம். இதில் மொழிபெயர்த்தவர்களின் குற்றம் யாதுமில்லை. லூத்தரின் கருத்தும் பண்டை உரைகளும் அவர்களுக்குத் துணை நிற்கின்றன.

ஆனால் 'வான்' என்னும் இறுதியைப் பற்றி நாம் சிந்திக்கவேண்டியுள்ளது. வடமொழியிலிருந்து வந்த இவ்விகுதி உடைமையைக் காட்டுவது. தனவான் தனத்தை உடையவன். குணவான் குணத்தை உடையவன். அவ்வாறே பரிசுத்தவான் என்றால் பரிசுத்தத்தைத் தன் உடைமையாகக் கொண்டவன் என்று செவி கேட்கிறது. அன்றியும் இது ஆண்பால் விகுதி; குணவானுக்கு இணை குணவதி. பவுலின் சொல் இலக்கணத்தில் ஆண்பாற் பன்மையாயினும் ஆண் பெண் இருபாலரையும் உள்ளடக்கியது. 'பரிசுத்தர்' என்னும் பலர்பால் வடிவம் இவ்விரு குறைகளையும் ஓரளவு நீக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, பல இடங்களில் 'இறைமக்கள்' என்று வழங்குவது இவ்வகையில் பயனுள்ளதே. ஆனால் அதில் பரிசுத்தம் என்னும் கருத்து சொல்லளவில் மறைந்துவிடுகிறது. எதைத் தெரிந்துகொண்டாலும் ஒன்று கிடைக்கிறது, ஒன்று நழுவுகிறது.

சொல்லின் வேர்ப்பொருளையே உபதேசமாக்கிவிடும் தவற்றைக் குறித்து ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் நம்மை எச்சரித்திருக்கிறார். யுஸ்தீனுக்கும் இசிதோருக்கும் நேர்ந்ததை மேலே கண்டோம். ஆகையால் 'சாங்க்துஸ்' செயப்பாட்டு எச்சம் என்பதைக்கொண்டு மட்டும் நாம் ஒன்றையும் நிலைநாட்ட முற்படவில்லை. ஆனால் வேதமே அதனைச் சொல்லுகிறது. 1 கொரிந்தியர் 1:2இல் பவுல் அச்சபையாரை முதலில் கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று செயப்பாட்டு வினையால் குறித்த பின்னரே பரிசுத்தராகும்படி அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். அந்நிருபத்தின் எஞ்சிய பகுதி அச்சபையின் கட்சிப்பூசல்களையும், வழக்குகளையும், திருவிருந்தில் ஏழைகளைப் பசித்திருக்க விட்ட கொடுமையையும் கண்டிக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அப்பெயரைக் கொடுக்க அப்போஸ்தலன் தயங்கவில்லை. பெயரின் உறுதி அவர்களது ஒழுக்கத்தில் அன்று, பெயரிட்டவரின் செயலில் இருந்தது. அச்செயலை முன்வைத்தே அவர்களது ஒழுக்கக்கேட்டை அவர் அத்துணைக் கடுமையாகக் கண்டிக்கவும் முடிந்தது.

குருப்பணியிலிருக்கும் நமக்கும், அதற்கென ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் இதில் இரு பாடங்கள் உண்டு. நம் சபையார் பலர் பரிசுத்தவான்கள் என்னும் சொல்லைக் கேட்கும்போது, தம்மைத் தவிர மற்றெவரையோ நினைக்கின்றனர். மரித்த பெரியவர்களையோ, பீடத்தருகே நிற்கும் நம்மையோ நினைக்கின்றனர். அத்தவற்றைத் திருத்துவது நமது பிரசங்கத்தின் கடமை. நாமும் அவ்வாறே நம்மை எண்ணத் துணிவோமாயின், சபையார் அனைவர்க்கும் உரிய பன்மையை மீண்டும் ஒரு பட்டமாக்கிய குற்றத்திற்கு ஆளாவோம்.

மேலும், பரிசுத்தமாக்கப்பட்ட ஆட்களைப் பரிசுத்தமானவற்றின் பகிர்விலிருந்து பிரிக்க இயலாது. ஓர் ஊரில் ஒரே திருவிருந்துக்கு வருவோர் சாதியின் பெயரால் தனித்தனியே நிற்பார்களாயின், அங்கே 'சாங்க்தோரும்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒருங்கே மறுக்கப்படுகின்றன. பழைய உரோமர் மதிலைச் 'சாங்க்தும்' என்றனர், எவரும் தாண்டாதிருக்கும்பொருட்டு. நடுச்சுவரைத் தகர்த்த கிறிஸ்துவின் சபையிலே அச்சொல் மதிலை விட்டு மக்களிடம் வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறன்று அத்தொடரைச் சொல்லும்போது, நம் அருகே நின்று அதனைச் சொல்லுகிறவரையும் அதில் சேர்த்துச் சொல்லக் கற்போமாக.